டொறத்தியின் ஐம்பது மீற்றர்

1999ஆம் ஆண்டு பெப்ரவரி முதற் கிழமை, ஆஸ்திரேலியாவில், பென்டில் ஹில் வீட்டிலிருந்து இளைய மகளும் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனாள். மூத்த பிள்ளைகள் இருவரும் முன்னமே தனிக் குடித்தனம் போய்விட்டவர்கள். தாய் ஒரு மாதமாவது அழுவாள் என்று உறவுக்காரர் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். டொறத்தி ஒரு நாள் அழுதாள். இரண்டாம் நாள் வேலை முடிந்து வரும் வழியில் நகரசபை நீச்சல் குளத்துக்குப் போய், மிச்சமிருந்த கோடைக்குத் தன் பேரில் ஒரு சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் குளம் அவளுக்குப் புதிதல்ல. மூன்று பிள்ளைகளையும் மாறி மாறி நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், கரையிலிருந்த வாங்கில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் துவாய்களுக்குக் காவல் இருந்தவள் அவள். பிள்ளைகள் மீன்குஞ்சு மாதிரி நீந்தப் பழகினார்கள். அவள் வாங்கை விட்டு எழும்பவில்லை. பிறந்தது மன்னார்ப் பக்கம், பேசாலையில். வீட்டிலிருந்து கடல் நூறு அடி. ஆனால் கடலுக்குள் போனவர்கள் ஆம்பிளைகள். பெண்கள் கால் நனைத்ததோடு சரி.

கணவர் அம்புறோஸ் பஸ் டிப்போவில் வேலை. செய்தியைக் கேட்டதும் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட்டின் சத்தத்தைக் குறைத்தார். அது அவர் இலேசில் செய்கிற காரியமல்ல.

"நீந்தவோ? நீயோ?"

"ஓம், நான்தான். ஏன், தண்ணி என்னை மாட்டன் எண்டு சொல்லுமோ?"

"ஐம்பத்தொரு வயசில எலும்பு கிலும்பு முறிஞ்சால்?"

"தண்ணிக்குள்ள விழுந்து எலும்பு முறிச்ச ஆளை இஞ்ச ஆர் கண்டது? ஐம்பத்திரண்டுக்கு முன்னம் அந்தக் கரையில இருந்து இந்தக் கரைக்கு வந்து காட்டுறன். பாருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது, இருபது வருடச் சிநேகிதி மாக்கிறேட் அவளை ஒரு பக்கமாக இழுத்தாள்.

"டொறத்தி, உமக்கென்ன விசரே? சனத்துக்கு முன்னால அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நிக்கப் போறீரே?"

"அந்த உடுப்பை எட்டு வருசம் ஃபக்டரியில தைச்சனான், மாக்கிறேட். நூலிலயிருந்து லாஸ்டிக் வரைக்கும் எனக்குத் தெரியும். பயப்பிட அதில ஒண்டுமில்லை."

உண்மைதான். ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் நீச்சலுடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. இப்போது ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. விடியற்காலை போனால் இரண்டு மணிக்கு விட்டுவிடும். ஆனாலும் கடையில் தொங்கும் நீச்சலுடை தனக்குச் சரிவராது என்பதில் மாக்கிறேட்டைப் போலவே அவளும் உறுதியாக இருந்தாள். அதற்குரிய கருநீலத் துணி வாங்கி, முழங்கை வரை கை, முழங்கால் வரை கால் வைத்துத் தானே வெட்டித் தைத்தாள். குளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிற கெரி என்ற பெண், முதல் நாள் அதை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். டொறத்திக்கு அன்றைக்கே பாதி நீந்தியது போல இருந்தது.

முதற் கிழமை தண்ணீருக்குள் மூச்சு விடப் பழகினாள். இரண்டாம் கிழமை பலகையைப் பிடித்துக் காலடித்தாள். மார்ச் பிறந்தபோது கையும் காலும் ஒன்றாக வேலை செய்ய இருபது மீற்றர் போகக்கூடியதாக இருந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். குளம் ஐம்பது மீற்றர் நீளம். பாதி தாண்டியதும் அடித்தளம் சரிந்து ஆழமாகும். அந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய கால்கள் அவளைக் கேளாமலே தரையைத் தேடும். தரை இல்லையென்று தெரிந்ததும் கைகள் பதறும். பிறகு ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுவாள்.

இதற்கிடையில் கோடை மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. வாசலில் தண்ணீரின் சூட்டைச் சோக்கால் எழுதி வைக்கும் பலகையில் இருபத்தைந்து என்றிருந்தது இருபத்துமூன்றானது, பிறகு இருபத்தொன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் இல்லை. ஐஸ்கிரீம் கடையின் ஒரு யன்னல்தான் திறந்திருந்தது. வேலியோர மரங்களிலிருந்து பழுத்த இலைகள் விழுந்து தண்ணீரில் மிதந்தன. டொறத்திக்கோ உச்சக் கோடையை விட இந்த நாட்கள்தான் பிடித்துப்போயின. நீந்துகிற வரிசை ஒன்று முழுவதும் அவளுக்கே. நீந்தி முடிந்ததும் வெயில் குடித்திருந்த சீமெந்துத் தரையில் துவாயை விரித்துக் குப்புறப் படுப்பாள். அடிவயிறு வரை சூடு ஏறும். எழும்பிப் பிளாஸ்க்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி, பக்கத்து வீட்டு மோல்ட்டா நாட்டுக்காரர் மதிலுக்கு மேலால் நீட்டுகிற அத்திப்பழம் இரண்டைச் சாப்பிடுவாள். அந்த அரை மணித்தியாலத்தில் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை.

வீட்டில் கிரிக்கெட் முடிந்து ரேடியோ ஓய்ந்துவிட்டது. அம்புறோஸ் மார்ச் மாதத்துப் பொழுதுபோக்குக்கு மாறியிருந்தார். பின்வளவில் தகரத்தின் மேல் மோர்மிளகாய் பரப்பி, மேகம் வந்தால் உள்ளே தூக்கி, வெயில் வந்தால் வெளியே வைத்து, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வானத்தோடு சண்டை பிடித்தார்.

மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை டொறத்தி பாதியைத் தாண்டிவிட்டாள். முப்பது மீற்றர் வந்திருப்பாள். மூச்செடுக்கத் தலையைத் திருப்பிய நேரம் பக்கத்து வரிசையில் ஒருவர் கிளப்பிய அலை வாய்க்குள் போனது. இருமினாள், இன்னும் தண்ணீர் குடித்தாள், கீழே போனாள். கெரி நீளத் தடியை நீட்டி அவளை இழுத்துக் கரை சேர்த்தாள். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் குளத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் நீந்துவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். டொறத்தி கெரிக்கு நன்றி சொல்லிவிட்டு, உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தாள்.

அன்று பின்னேரம் குசினியில் அம்புறோஸ் சொன்னார்: "விடு டொறத்தி. தண்ணியும் குளிருது. அடுத்த சம்மருக்குப் பாப்பம்."

"அடுத்த சம்மரை அடுத்த சம்மரில பாப்பம். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் குளம் திறந்திருக்கு." கொஞ்ச நேரம் வெங்காயம் வெட்டினாள். "நீங்கள் எப்பிடி நீந்தப் பழகினனீங்கள்?"

"அப்பு வள்ளத்தில இருந்து கடலுக்குள்ள தள்ளிவிட்டார்."

"அப்ப நீங்கள் எனக்குச் சொல்லித்தரவே வேண்டாம்."

அம்புறோஸ் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். மறுநாள் மூன்று மணிக்கு வழக்கம்போலக் குளத்தில் நின்றாள்.

கெரி அன்றைக்கு அவளுக்கு நீந்தக் கற்பிக்கவில்லை. ஆழமான பக்கத்துக்குக் கூட்டிப்போய், மல்லாந்து கிடக்கச் சொன்னாள். மூச்சு முட்டினால் தரையைத் தேட வேண்டாம், திரும்பி வானத்தைப் பார், தண்ணீர் உன்னைத் தாங்கும், மூச்சு வந்ததும் மறுபடி குப்புறத் திரும்பு என்றாள். டொறத்தி முதலில் நம்பவில்லை. கெரியின் கை முதுகுக்குக் கீழே இருப்பதால்தான் மிதக்கிறேன் என்று நினைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் கெரி இரண்டு முழம் தள்ளி நின்று கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு இரண்டு கிழமை டொறத்தி வேறொன்றும் செய்யவில்லை. குப்புற, மல்லாக்க, மறுபடி குப்புற. பெரிய வெள்ளி தவிர ஒரு நாள் தவறவில்லை.

கடைசி ஞாயிறு பலகையில் பத்தொன்பது என்று எழுதியிருந்தது. பூசை முடிந்த கையோடு அம்புறோஸும் வந்தார், நல்ல காற்சட்டையும் சப்பாத்துமாக. பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார்.

டொறத்தி ஆழமில்லாத பக்கத்தில் இறங்கினாள். குளிர் நெஞ்சைப் பிடித்தது. பின்சுவரைக் காலால் உதைத்துப் புறப்பட்டாள். பத்து மீற்றர், இருபது. அடித்தளம் சரிந்து நிறம் மாறிய இடம் வந்ததும் மூச்சு குறுகியது. அவசரப்படாமல் திரும்பினாள். மேலே மேகமில்லாத வானம். காதுக்குள் தண்ணீரின் சத்தம் மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக மூச்செடுத்தாள். மறுபடி குப்புறத் திரும்பிக் கையை வீசினாள். முப்பத்தைந்து மீற்றரில் இன்னொரு தரம் திரும்ப வேண்டியிருந்தது. அதன்பிறகு விரல் எதிர்ச்சுவரின் ஓடுகளில் இடித்தது. நிமிர்ந்து கம்பியைப் பிடித்தாள்.

கெரி உரத்துக் கூவிக் கைதட்டினாள். அம்புறோஸ் எழும்பி நின்றிருந்தார். அவளிடம் நடந்து வந்து குனிந்தார்.

"இரண்டு தரம் திரும்பினனி," என்றார்.

"ஓம், திரும்பினனான். தரையைத் தொட்டனானோ?"

"இல்லை," என்றார் அம்புறோஸ். "தொடேல்லை. ஏறி வா, தேத்தண்ணி ஆறுது."

"கொஞ்சம் பொறுங்கோ," என்று சொல்லிவிட்டு, டொறத்தி சுவரை உதைத்துத் திரும்பவும் போனாள். இந்த முறை ஒரு தரம்தான் மல்லாந்தாள்.

திங்கட்கிழமை குளத்தைப் பூட்டிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை டொறத்தி தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, ரெயினில் போகக்கூடிய தூரத்தில் கூரை போட்ட வெந்நீர்க் குளம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் மாக்கிறேட் அவள் பக்கத்தில் வந்து, அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த உடுப்பு... நனைஞ்சால் மேல ஏறாதோ?"

"ஏறாது. கீழ லாஸ்டிக் வைச்சிருக்கிறன்."

"கணுக்கால் வரைக்கும் வைக்கலாமோ?"

"உமக்கெண்டால் வைக்கலாம். நாளைக்குப் பின்னேரம் வாரும், அளவெடுப்பம்."

மே மாதம் இரண்டாவது செவ்வாய், ஸ்டேஷன் மேடையில் குளிர்காற்று வீச, சிநேகிதிகள் இருவரும் துவாய்ப் பைகளோடு நின்றார்கள். ஒருவேளை கோயில் ஆட்கள் யாராவது வந்தாலும் வரலாம் என்று மாக்கிறேட் பையைக் கோட்டுக்குள் மறைத்திருந்தாள். டொறத்தி தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரெயின் வருகிற பக்கம் பார்த்து நின்றாள்.