கற்பூரத்தை அணைத்தவர்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கட்டும் வேலையில் இருந்தபோது, அவர் அங்கே கவ்வாத்து வெட்டுபவர்; புதுத் துளிர் வரச் செடிகளின் கிளைகளைக் கழிப்பவர். நெடிய உடம்பு, இடது காது மடலில் பாதி இருக்காது. ஒவ்வொரு தேயிலைச் செடியையும் வெட்டுமுன் கத்தியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே குருவியோ பாம்போ இருந்தால் போகட்டும் என்றுதான்.

ஒரு பனிக்காலத்தில் மேல்மலையில் ஒன்று வந்து கிடந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். ஈரக் கண்ணாடி மாதிரியான அதன் உடம்பு மூச்சு வாங்கியது. விலங்கா, செடியா, எங்கிருந்து வந்தது என்று தோட்டத்துத் துரைக்கும் தெரியவில்லை. லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் பக்கத்தில் சூலம் நட்டுச் சாமியாக்கிவிட்டார்கள். தட்டு நிறையக் கற்பூரம் கொளுத்தியதும் அது சுருங்கி நடுங்கியது. அருள் வந்துவிட்டதென்று எல்லாரும் கும்பிட, இவர் மட்டும் பாய்ந்து எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்தார்.

சாமி குத்தம் என்று அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். வெந்த கைக்கு மருந்து கட்டும்போது கேட்டேன்.

"உங்களுக்கு அது சாமின்னு தோணலையா?"

"சாமிக்கு நம்ம வேண்டுதல் தெரியுங்க ஐயா. பேய்க்கு நம்ம பயம் தெரியும். இதுக்கு நம்மளயே தெரியல. ஆனா அதுக்குச் சுடுதுன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு."

மறுநாள் அது அங்கே இல்லை. போன தடமும் இல்லை.

அவர் கையின் கட்டைப் பிரித்த அன்று அவரோடு மேலே போனேன். அது கிடந்த வெறுந்தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அதைப் போகச் சொல்கிறாரா, வரச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.