பதக்கத்தின் முதுகில் படிந்த மூச்சு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். யாழ்ப்பாணம் டவுனில் கல் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். லென்ஸைக் கண்ணில் வைத்துத் தெரிவதை மட்டும் சொல்லிக் காசு வாங்குகிறவளுக்குத் தெரியாததில் என்ன நம்பிக்கை வரும்? இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நானும் சிரித்திருப்பேன்.

என்னோடு படித்த வதனி வல்வெட்டித்துறைக்காரி. போன தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் வீட்டில் ஒரு பதக்கம் இருக்கிறது, நடுவில் ஒற்றை வைரம். அந்தத் துறையில் பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் வதனியின் பூட்டன் பர்மாவிலிருந்து கொண்டுவந்த கல் என்று சொல்வார்கள். வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அதைப் போட்டுத்தான் மணவறைக்குப் போவாள். சண்டையில் ஊரே இடம்பெயர்ந்த நேரம் அதை வீட்டு வளவில் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்தவர் வதனியின் அப்பா. பிறகு பார்த்தால் கல் சோடாப் போத்தல் அடிமாதிரி மங்கிக் கிடந்தது. அண்ணை நல்ல கல்லை விற்றுவிட்டு வேறொன்றைப் பதித்துவிட்டார் என்று அவருடைய தம்பி, அதாவது வதனியின் சித்தப்பா, ஒரு கோபத்தில் வாய்விட்டார். அது ஊரெல்லாம் பரவி, அப்பா மனுஷன் கள்ளன் என்ற பேரோடேயே கண்ணை மூடினார்.

வதனி போனில் அழுதாள்.

"அப்பாவைக் கள்ளன் எண்டு நாலு பேர் நினைக்கேக்கை, அதை என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை போட ஏலாது. கல்லின்ரை வயசைப் பாத்துச் சொல்லு. என்னவாயிருந்தாலும் சொல்லு."

கல்யாணத்துக்கு முந்தின பலகாரச் சூட்டு நாளன்று காலையில் போனேன். வீடு நிறையச் சனம். முற்றத்தில் எண்ணெய்த் தாச்சி கொதிக்கிறது, ஒருபக்கம் முறுக்கு, ஒருபக்கம் பயித்தம் பணியாரம், மச்சாள்மார் ஒருவரையொருவர் நக்கலடித்துச் சிரிக்கிற சத்தம் தெருவரை கேட்டது. எனக்கு விறாந்தையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நான் கேட்காமலே ஒரு தட்டு அரியதரமும் வைத்தார்கள். கல் பார்க்க வந்தேனா பலகாரம் பார்க்க வந்தேனா என்று எனக்கே சந்தேகம்.

முதல் வேலை, கல்லில் வாயால் ஊதிப் பார்ப்பது. கண்ணாடியென்றால் ஆவி கொஞ்ச நேரம் நிற்கும், வைரத்தில் படிந்த கையோடு ஓடிவிடும். ஊதினேன், ஓடிவிட்டது. வைரம் சோதிக்கிற கருவியை வைத்தேன், அதுவும் வைரம் என்று கீச்சென்று கத்தியது. வைரம்தான் என்றதும் பெண்கள் கையைத் தட்டினார்கள். சித்தப்பா மட்டும் அசையவில்லை.

"வைரம்தான் பிள்ளை. ஆனா எங்கடை வைரமோ? அண்ணை மலிவாய் ஒரு புதுக் கல்லை வாங்கிப் பதிச்சிருக்கலாந்தானே?"

கேள்வி நியாயமானது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். பட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கோணல்மாணலாக இருந்தன, இயந்திரம் செய்த வேலை இல்லை, கையால் தீட்டியது. கல்லின் அடி நுனியும் கூராக இல்லாமல் தட்டையாக வெட்டப்பட்டிருந்தது, மேலிருந்து பார்க்கக் குட்டித் துவாரம் போலத் தெரியும். இதெல்லாம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வெட்டு. பர்மாவில் வைரம் விளைவதில்லை, எங்கேயோ தோண்டி எங்கேயோ தீட்டி ரங்கூன் கடையொன்றில் பூட்டன் கையில் அகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பழைய கல் என்பதற்காக இதே பழைய கல் என்று ஆகுமா? இடையில் யாரும் கழற்றவில்லை என்று காட்ட வேண்டும். பின்பக்கம் பொன் தகட்டால் மூடிக் கட்டியிருந்தது, தேய்ந்து வழுவழுவென்று ஒன்றுமே தெரியவில்லை. கல்யாண நகையை வெட்டித் திறக்கவும் மனம் வரவில்லை.

இனிச் சொல்வதை நம்பினால் நம்புங்கள். பதக்கத்தைத் திருப்பி, லென்ஸுக்குக் கிட்டப் பிடித்திருந்தேன். வதனி பக்கத்தில் நின்று போன் வெளிச்சம் பிடித்தாள். தகட்டில் ஆவி படிந்தது. என் மூச்சாக்கும் என்று மூச்சை அடக்கினேன். அது கலைந்து, மறுபடியும் படிந்தது. வதனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள், மற்றவர்கள் எல்லாம் எட்டத்தில். கொஞ்சம் பொறுத்து மூன்றாம் தரமும் வந்தது. லென்ஸுக்கும் பொன்னுக்கும் நடுவில் ஒரு அங்குலம் இருக்குமோ என்னவோ, அதற்குள்ளிருந்து யார் ஊதுவது?

அந்த மூன்றாவது ஆவியில்தான் தேய்ந்துபோன வேலைப்பாடு தெரிந்தது. நுணுக்கமான ஒரு கொடி. தகட்டில் தொடங்கி, விளிம்பில் ஏறி, முன்பக்கம் கல்லைப் பிடித்திருக்கிற பொன்வரை ஓடியது. பதக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஓரிடத்திலும் அறவில்லை. கல்லை யாராவது கிளப்பியிருந்தால் கொடி அறுந்திருக்கும். கட்டின நாளிலிருந்து அந்தக் கல் அசையவேயில்லை. இடம் தெரிந்த பிறகு சித்தப்பாவின் விரலைப் பிடித்து அதன்மேல் தடவவிட்டேன்.

அப்படியென்றால் ஏன் மங்கியது என்றார் சித்தப்பா. மூடிக் கட்டின கல்லைத் தண்ணீரில் போட்டால் உள்ளே கல்லுக்கு அடியில் வைத்த வெள்ளித் தகடு கறுத்து, கல்லும் செத்ததுபோல் ஆகிவிடும், யாராவது கழுவினீர்களா என்று கேட்டேன். முறுக்கு உரலோடு நின்ற சித்தி, அந்தச் சித்தப்பாவின் மனைவி, மெல்ல வாயைத் திறந்தார்.

"மண்ணுக்கை கிடந்ததெண்டு நான்தானே சீயாக்காய்த் தண்ணியிலை ஒரு ராவு ஊறப்போட்டனான்."

சிரித்தார்கள் பாருங்கள், தாச்சியில் கிடந்த முறுக்கு கருகும்வரை சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் எழுந்துபோய் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றார். "அண்ணை, பிழை விட்டிட்டன்" என்று சொல்லிச் சின்னப் பிள்ளைபோல் அழுதார். பிறகு அவரே பதக்கத்தை எடுத்துப் கல்யாணப் பொம்பிளையின் கழுத்தில் வைத்து அழகு பார்த்தார். என் கண்ணும் நிறைந்தது, அவ்வளவு சந்தோஷம்.

வெளிக்கிடும்போது வாசல் படலையடியில் வதனியிடம் கேட்டேன், நீயும் கண்டாயா என்று.

"ஓம், கண்டனான். அப்பா மூக்குக்கண்ணாடி துடைக்கிறது அப்பிடித்தான். ரெண்டு தரம் ஊதுவார், பொறுத்து இன்னொருக்கா ஊதுவார். பிறகு வேட்டித் தலைப்பாலை துடைப்பார்."

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து லென்ஸைத் துடைக்க எடுத்தேன். பிடியெல்லாம் அரியதரத்து எண்ணெய், கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. சரி, அங்கே யாராவது துடைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்குப் பிறகு இன்றுவரை அந்த லென்ஸை நான் துடைக்கவில்லை. துடைக்கத் தேவை வரவில்லை.