திரும்பி வராத ஜாடிகள்

வாஸ்காவின் இடது கை சுட்ட குடைமிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தது. வலது கை சும்மா இருக்கவேண்டியது. கோடையில் மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து அதிக நாளாகவில்லை. ஆனால் அதுவும் திருட்டுத்தனமாகக் கத்தி பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியை மடியில் ஒளித்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல, நெவெனா."

"அந்த வீக்கம் என்ன, கொசுக்கடியா?"

அடுத்த வீட்டுக்காரியான நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியே ஓய்வு பெற்றவள். பொய் சொல்லும் கையைத் தொட்டாலே தெரிந்துவிடும். இன்னொரு முறை முறிந்தால் அந்தக் கை ரொட்டிகூட வெட்டாது. வாஸ்காவோ, பல்கேரியாவின் லோம் ஊரில் எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் எல்லோரையும்போல, செப்டம்பர் வந்தால் குளிர்காலத்துக்கு மிளகாயை ஜாடியில் அடைக்கும் தொழிற்சாலையாகிவிடுவாள். பால்கனியில் மிளகாய் சுடும் மின்னடுப்பு, கீழே முற்றத்தில் ஜாடிகளை வேகவைக்கும் தகரப் பீப்பாய். எதிர்க்கடையில் அதே மிளகாய் வருடம் முழுக்க ஜாடியில் கிடைக்கிறது. சொன்னால், "அது கெழவிகளுக்கு" என்பாள். அவளுக்கு வயது எழுபத்தொன்று.

அதனால் தலைநகர் சோஃபியாவிலிருக்கும் அவள் மகன் காமெனை நான்தான் போனில் வரச்சொன்னேன். ஞாயிறு மதியம் காலி ஜாடிப் பெட்டியோடு வந்தான்.

"அம்மா, இந்த வருஷம் ஒண்ணும் போடாத. எல்லாம் கடையில கிடைக்குது."

வாஸ்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆறுதான் இருக்கு. போன வருஷம் குடுத்தது நாப்பது. மிச்சம் எங்கடா?"

இங்கே நிறைந்த ஜாடி போனால் காலி ஜாடி திரும்ப வேண்டும். கல்யாணம் முறிந்தாலும் அந்த ஏற்பாடு முறியாது.

"உடைஞ்சுபோச்சும்மா."

"அத்தனையுமா? வீட்ல யானை வளக்கறியா?"

காமென் என்னைப் பார்த்தான். நான் மிளகாயைப் பார்த்தேன்.

"பல் டாக்டருக்குக் கொஞ்சம் குடுத்தேன். கார் மெக்கானிக்குக்கு, கொழந்தையோட டீச்சருக்கு... நாங்க சாப்பிட்டது அந்த ஆறுதான். உன் மருமக யானாவுக்கு நெஞ்செரிச்சல் வருதும்மா."

வாஸ்கா கையிலிருந்த மிளகாய் இரண்டாகக் கிழிந்தது. மகன் சாப்பிடுகிறான் என்று நம்பித்தான் அந்தக் கையை இத்தனை பாடுபடுத்தினாள். அதற்காக அழுகிற ஆளில்லை.

"அப்ப என் மிளகாயத் தின்னுட்டுத்தான் உன் பல்லப் புடுங்கறானா?"

"உங்கம்மா கைப்பக்குவமே தனின்னு புகழ்றாரும்மா."

"கையப் புகழ்றவன் ஜாடியத் தர மாட்டானா? காலி ஜாடி வராம இனி ஒரு மிளகாய்கூட மூடி போட்டு வைக்க மாட்டேன். போய் எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கிட்டு வா."

"டாக்டர்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"

"வாயத் திற. அதுக்குத்தானே அங்க போற?"

"நெவெனா அத்தை, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"ஏன் சொல்லணும்? போய் வாங்கிட்டு வா" என்றேன். எந்த டாக்டர் சொல்லியும் ஓயாத கை, ஜாடி இல்லாமல் ஓயப்போகிறது. அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

மறுநாள் காலை காமென் காலிப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்தபடி கிளம்பினான். நான் வாஸ்காவின் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக் கட்டினேன், மின்னடுப்பை என் வீட்டுக்குத் தூக்கிப்போனேன். உரித்து வைத்த மிளகாயில் பூண்டு நசுக்கிப் போட்டு, வினிகர் ஊற்றி, ரொட்டியோடு வயிறு முட்டத் தின்றோம். மிச்சத்தை வாஸ்கா மூன்றாம் மாடிக்காரிக்குக் கொடுத்தனுப்பினாள், ஜாடியில் இல்லை, பிளாஸ்டிக் பையில்.