அட்டையில் விளக்கு இல்லை

அக்காவின் இந்நினைவு மலர் அட்டையில் குத்துவிளக்கு இல்லாததை அச்சகத்தாரின் பிழையென்று எண்ண வேண்டாம். எடுக்கச் சொன்னவன் தம்பியாகிய நான்.

ஜேடர்பாளையத்தில் பிறந்த அக்கா, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறினார். அது பள்ளியின் வெள்ளி விழா ஆண்டு. மாணவர்களின் நினைவுப் பதக்கத்தில் விரித்த புத்தகம். மாணவிகளின் பதக்கத்தில் தலை குனிந்து விளக்கேற்றும் பெண். “படிச்சதுக்குக் குடுக்கறாங்க, புஸ்தகத்தக் காணமே!” என்று சிரித்த அக்கா, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தார்.

அதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். பதக்கத்தைக் காட்டித்தான் அப்பா பேச்சை முடிப்பார் என்று தெரிந்து, அக்கா அதை அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டார். இடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா கேட்டதும் ஓடிப்போய் எடுத்து வந்து வெற்றிலைத் தட்டிலேயே வைத்தேன், பெரிய கெட்டிக்காரன்!

“பாருங்க, மெடல்லயே வெளக்குத்தானுங்க. எங்க புள்ள குடும்பத்துக்குன்னே பொறந்தவ” என்றார் அப்பா. அன்றே கைநனைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்தார்கள். விண்ணப்பம் பெட்டியிலேயே கிடந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அஸ்தம்பட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடத்தினார். மாமா படுக்கையில் கிடந்தபோதும் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சென்ற ஆண்டு அதே பள்ளியின் வைர விழா. விழாக் குழுச் செயலாளர் நான். பதக்கத்தின் மாதிரியைப் போனில் காட்டினேன். அதே பெண், அதே விளக்கு.

“உன்ற புள்ளையும் இதத்தான் வாங்கோணுமா? அந்தப் பொம்பள கையில ஒரு புஸ்தகத்தக் குடுக்கச் சொல்லு சாமி.”

“அச்சுக்குப் போயிருச்சுங்கக்கா” என்றேன்.

போகவில்லை. குழுப் பெரியவர்களிடம் வாய் கொடுக்கப் பயந்து சொன்ன பொய் அது. “செரி, உடு” என்றார். விழாவுக்குப் பத்து நாள் முன்னே நெஞ்சுவலி வந்து, மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார். என் மகள் மேடையேறி அந்த விளக்கைத்தான் வாங்கி வந்தாள்.

அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகராத பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், அக்காவிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும், முதலாமாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இம்மலருக்கு அச்சகத்தார் அனுப்பிய அட்டையில், வழக்கம்போல் அக்கா படத்தருகே குத்துவிளக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புத்தகம் வைக்க முடியுமா என்று போனில் கேட்டேன்.

“அதுக்கென்னங்க, அஞ்சு நிமிசம்” என்றார்கள்.

அஞ்சே நிமிடம்தான் ஆனது, அக்கா.