மாமா சன்னலைத் திறக்கும் நேரம்

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகிப் போடிநாயக்கனூருக்கு வந்தேன். அதற்கு முன்னால் கடலோரத்து ரசாயன ஆலை ஒன்றில் வேலை பார்த்தேன். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, சுற்றும் காகிதத்தில் பேனா முள் உலையின் சூட்டைக் கோடாக இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கோடு மேலே போனால் ஒரு வால்வை மூட வேண்டும், கீழே போனால் திறக்க வேண்டும். எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்வோம். கோடு நெளிந்துகொண்டே இருக்கும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்த மூத்த பொறியாளர் ஒருவர் புதிதாக ஒரு முறையைச் சொன்னார். சூடு தப்பிய பிறகு திருத்தாதே. இந்த வால்வைத் தொட்டால் எவ்வளவு நேரம் கழித்து எவ்வளவு மாறும் என்று முதலில் தெரிந்துகொள். பிறகு, இனி வரப்போகும் சில மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, இப்போதே திருத்து. எனக்கு அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, நிரல் எழுதிப் போடக்கூடிய ஒரு கால்குலேட்டர்கூட வாங்கிவிட்டேன். ஆனால் ஓடுகிற ஆலையில் கைவைக்க யாரும் விடவில்லை. அந்த ஆசையோடுதான் தாலி கட்டிக்கொண்டேன்.

கணவர் மதுரையில் வங்கி உத்தியோகம், வாரக் கடைசியில்தான் வருவார். காய் எடுக்கும் காலத்தில் அவருடைய பெற்றோரான மாமாவும் அத்தையும் மலையில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்த் தங்குவார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள்.

தோட்டத்தில் பச்சைக்காயை உலர்த்தும் கட்டிடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். வெளிப்பக்கம் விறகு அடுப்பு. அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். உள்ளே கம்பிவலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். சூடு மிஞ்சினால் காய் வெளுத்துப்போகும், வெடித்தும் போகும். குறைந்தால் ஈரம் நின்று நிறம் மங்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டது ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணே என்பேன்.

போன முதல் நாளே நான் கண்டது இதுதான். மாமா தெர்மாமீட்டர் முன்னால் நின்றுகொண்டு, "எறங்குதுப்பா, போடு போடு!" என்று கத்துவார். அண்ணன் விறகைத் திணிப்பார். ஒன்றும் ஆகாது. "இன்னும் போடுப்பா!" இன்னும் திணிப்பார். அரை மணி நேரம் கழித்து அத்தனை விறகும் ஒன்றாகச் சேர்ந்து தன் குணத்தைக் காட்டும். "இழு! இழு! வெரசா இழு!" என்று மாமா வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவருவார். எரிகிற கட்டைகளை எல்லாம் வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு அறை குளிர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து. ஆலையில் நெளிந்த அதே கோடு இங்கே ஆளாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் போடியில் நடந்த ஏல விற்பனையில் எங்கள் காயைத் தட்டில் கொட்டியபோது, வழக்கமாக வாங்கும் ராவுத்தர் ஒருவர் வெளுத்ததும் மங்கியதுமாகக் கலந்து கிடந்ததை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு தோட்டத்துக் காயா இது?" என்று கேட்டிருக்கிறார். கிண்டல்கூட இல்லையாம், நிஜமாகவே கேட்டாராம். மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நான் என் கணக்கைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"மாமா, மலையில ஜீப் ஓட்டுறீகல்ல? கொண்டை ஊசி வளைவுக்கு எப்ப கியர் மாத்துவீக? வளைவு வர்றதுக்கு முன்னாடியேதான?"

"இல்லாத்தா. வளைவுல ஏறினப்புறந்தான் மாத்துவேன்."

"அதான் எனக்குத் தெரியுமே," என்றார் அத்தை. "அதுக்குத்தான நான் பஸ்சுல வர்றேன்."

எப்படியோ சம்மதம் கிடைத்தது. கழித்துக்கட்டிய இரண்டாம் தரக் காயைக் கொஞ்சம் கொடுத்தார். நான் செய்ய வேண்டிய முதல் சோதனை மிக எளிது. அடுப்பில் குறிப்பிட்ட அளவு விறகைப் போட வேண்டும். அதன்பின் யாரும் எதையும் தொடக் கூடாது. சூடு எப்போது ஏறத் தொடங்குகிறது, எவ்வளவு ஏறி நிற்கிறது என்று நான் குறித்துக்கொள்வேன். அடுப்பின் குணம் அதில் தெரிந்துவிடும்.

"யாரும் தொடக் கூடாதுன்னா?" என்றார் மாமா.

"யாரும்னா யாருமே."

"நான் தொடலைத்தா. எனக்கென்ன சோலியில்லையா?"

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டேன். அழகாக ஏறி ஒரு மட்டத்தில் நிற்க வேண்டிய கோடு, பாதியில் ஒரு குதி குதித்தது, பிறகு பள்ளத்தில் விழுந்தது, பிறகு ஒட்டகம் மாதிரி இன்னொரு முதுகு காட்டியது. மறுநாள் திரும்பச் செய்தேன், வேறொரு மிருகம் வந்தது. ஈர விறகாக இருக்குமோ என்று பார்த்தேன். காற்று திசை மாறியிருக்குமோ என்று யோசித்தேன். படித்ததையே சந்தேகப்பட்டேன். அண்ணனிடம் கேட்டால், "அடுப்புக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல தாயி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒரு நாள் பிற்பகல், பென்சில் சீவ அரிவாள்மணை தேடி ஸ்டோரின் பின்பக்கம் போனேன். அத்தை அடுப்பு வாயில் குனிந்து ஒரு கட்டையைச் செருகிக்கொண்டிருந்தார்.

"அத்தை!"

"அணையப்போகுதுத்தா. பார்த்துக்கிட்டு எப்பிடிச் சும்மா போறது? ஒத்தக் கட்டைதான்."

"நேத்தும் போட்டீகளா?"

"நேத்து சின்னக் கட்டை."

விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். "ஓகோ, நீங்கதான் போடுறதா! எவன்டா நான் போடாத கட்டையைப் போடுறான்னு நான் இல்ல தெனமும் இழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன்?"

இந்தச் சத்தத்துக்கு ஸ்டோரின் மேல் சன்னல் திறந்தது. மாமாவின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன அங்க? யாரும் தொடக் கூடாதுன்னு புள்ளை சொல்லியிருக்குல்ல?"

"நீங்க உள்ள என்ன பண்றீக?" என்றார் அத்தை.

"காயி மூச்சு முட்டும்ல. சித்த நேரம் சன்னலைத் திறந்து விட்டேன். அடுப்பைத் தொட்டேனா? சன்னலைத்தான தொட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து சிரித்தேன். அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

காப்பி குடிக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. இவர்களைத் திருத்த என்னால் ஆகாது. ஆனால் மூன்று பேருமே கடிகாரம் மாதிரி நடந்துகொள்கிறவர்கள். குளிக்க வெந்நீர் வைக்கத் தணல் எடுக்கப் போகும்போதெல்லாம் அத்தை ஒரு கட்டை போடுவார். தான் போடாத கட்டையைக் கண்டால் அண்ணன் வெளியே இழுத்துவிடுவார். மாமா தினமும் போடியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாகச் சன்னலைத் திறப்பார். அப்படியானால் இவர்களும் அடுப்பின் குணத்தில் சேர்த்திதான். மூவரையும் கணக்குக்குள் கொண்டுவந்து கால்குலேட்டரில் போட்டேன்.

அதிலும் மாமா எனக்குப் பெரிய உதவி. கீழேயிருந்து ஜீப்பில் ஏறி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார். கீழ் வளைவில் ஹாரன் கேட்டால், அவர் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். இப்போது போடுகிற விறகின் சூடு அறைக்கு வரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஹாரன் கேட்டதும் நான், "அண்ணே, ரெண்டு கட்டை போடுங்க" என்பேன். அந்தச் சூடு அறைக்குள் வருகிற நேரம் மாமா வந்து சன்னலைத் திறப்பார். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். தெர்மாமீட்டர் அசையாது.

"சன்னலைத் திறந்தாலும் சூடு எறங்கலை பார்த்தியாத்தா?" என்றார் மாமா. "நான் சொன்னேன்ல, சன்னலுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை."

அண்ணனுக்குத்தான் என்மேல் குறை. கால்குலேட்டர் சாயங்காலம் வரைக்குமான திட்டத்தைச் சொல்லும்: இப்போது ஒரு கட்டை, பிறகு ஒன்றும் வேண்டாம், அதன்பின் இரண்டு, கடைசியில் ஒன்று. அவரிடம் முழுதையும் சொல்வேன். அவர் முதல் கட்டையைப் போட்டதும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டு, புதுத் திட்டம் சொல்வேன்.

"அப்ப அந்த ரெண்டு கட்டை?"

"அது வேண்டாம்ணே. இப்ப வேற."

"தாயி, நான் ஒண்ணு கேக்குறேன். செய்ய விடப்போறதில்லைன்னா மிச்சத்தை எதுக்குச் சொல்றீக?"

"தூரத்தைப் பார்த்தாத்தான்ணே முதல் அடி சரியா விழும். அடி எடுத்து வச்சப்புறம் பார்த்தா தூரம் கொஞ்சம் வேற மாதிரி தெரியும்."

அண்ணன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். "எங்க வீட்லயும் இதேதான்," என்றார். "மீன் வாங்கியான்னு அனுப்புவா. சந்தைக்குப் போறதுக்குள்ள ஆள் விட்டுக் கத்திரிக்கா வாங்கச் சொல்லுவா."

முதல் தரக் காய் முழு அறை நிறையப் பரப்பிய நாள் வந்தது. அன்று பிற்பகல் கீழ் வளைவில் ஹாரன் கேட்டது. கட்டை போடச் சொன்னேன். ஜீப் வந்து நின்றது. மாமா இறங்கவில்லை.

சூடு ஏறத் தொடங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னும் ஏறியது. ஓடினேன்.

"மாமா, ஏன் இங்கயே உக்காந்துட்டீக?"

"இன்னைக்கி நல்ல காயி. ஒங்க அத்தை காலையிலயே சத்தியம் வாங்கிருச்சு, அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு. நான் போகலைத்தா."

"வந்து சன்னலைத் திறங்க மாமா!"

"என்னைச் சோதிக்கிறியா?"

"இல்ல மாமா, நீங்க திறப்பீகன்னு நெனச்சு ஏற்கெனவே விறகு போட்டாச்சு! நீங்க வந்து கெடுத்தாத்தான் சரியாகும்!"

இதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நானே ஓடிப்போய்த் திறந்திருக்கலாம் என்று பிறகு பலபேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சன்னலின் கொக்கி துருப்பிடித்தது, அவர் கைக்கு மட்டும்தான் மசியும். மாமா வேட்டியை மடித்துக்கட்டினார். சத்தியத்தை மீறுகிறோமே என்ற தயக்கம் முகத்தில் துளியும் இல்லை. நேராக ஏறிப்போய்ச் சன்னலைப் படாரென்று திறந்தார். தெர்மாமீட்டர் முள் நின்றது, யோசித்தது, மெல்ல இறங்கி வரவேண்டிய இடத்துக்கு வந்தது.

மறுநாள் தட்டுகளை வெளியே எடுத்தபோது காய் முழுதும் ஒரே பச்சை, ஒரு கிளிக்கூட்டம் மாதிரி. அத்தை ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு என் கையில் வைத்தார். எத்தனையோ பொறியாளர்கள் இருந்த ஆலையில் செய்துபார்க்க முடியாததை, மூன்று பேர் ஒளிந்து ஒளிந்து கெடுத்த ஒரு விறகடுப்பில் செய்துவிட்டேன். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "இனிமே என்ன போடட்டும்?" என்று கேட்டார்.

செய்தி பரவி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். பாதி மலையாளத்தில் பேசுகிறவர். அந்தக் கணக்கைத் தன் ஸ்டோருக்கும் கொடுக்க முடியுமா என்று மாமாவிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பதில் சொல்லிவிட்டார்.

"கணக்கு மட்டும் வந்து பிரயோசனமில்லைங்க. கூட இருந்து கெடுக்க நாங்க மூணு பேரும் சேந்து வரணும். வீட்ல எடம் இருக்கா?"

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இருப்பது இரண்டு கட்டில்தான், ஒருவர் கீழே படுக்க வேண்டியிருக்கும் என்றார்.