ஓட்டைப்பல் முனை

நேற்று என் மகளுக்கு முன்பல் விழுந்தது. உடனே படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். அவர் பக்கத்து அறையில்தான் மீட்டிங்கில் இருந்தார். இது கொஞ்சம் அதிகப்படியோ என்று பிறகு தோன்றியது.

எனக்குப் பல் விழுந்தபோது நாங்கள் ஈஜிபுராவில் குடியிருந்தோம். அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கடலே இல்லாத ஊரில் எங்களை விட்டுவிட்டு மாதக்கணக்கில் கடலில் இருப்பார். அந்த வருடம் மழைக்காலத்தில் லீவு கிடைத்து வந்திருந்தார். எதிர்க் காலிமனையில் தண்ணீர் தேங்கி, யாரோ கொட்டிவைத்த ஜல்லி மேடு மட்டும் நடுவில் நின்றது. மொட்டைமாடியிலிருந்து அதைக் காட்டி, தென்கடலில் தான் பார்த்த எரிமலைத் தீவு இப்படித்தான் இருக்கும் என்றார். அங்கே ஆளே கிடையாதாம். ஆனாலும் பாறைக்குப் பாறை பெயர் உண்டாம்: கரிமுனை, புகைவாய், ஒட்டகக் குன்று.

"யாருப்பா பேரு வெச்சது?"

"கப்பல்ல போனவங்கதான் பாப்பா. தூரத்துல இருந்து எப்படித் தெரியுதோ அதான் பேரு. பின்னாடி வர்ற கப்பல்காரன் அதை வெச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிப்பான்."

"கிட்டப் போய்ப் பாக்க மாட்டாங்களா?"

"அலை விடாது. அப்படியே தாண்டிப் போயிடுவாங்க."

ஜல்லி மேட்டுக்கு 'எருமை முதுகு' என்று நான் பெயர் வைத்தேன். அவர் என் வாயைப் பார்த்து, "இது ஓட்டைப்பல் முனை" என்றார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "பொண்ணு எந்தக் கிளாஸ்னு கேட்டா முழிப்பாரு. இதுல பேரு வேற!" அப்பா சிரித்தார். எந்த வகுப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் கப்பலுக்குத் திரும்பிய பிறகு, போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான்: "ஓட்டைப்பல் முனை தெரியுதா?"

"தெரியுது, தெரியுது!" என்று கத்துவேன்.

பிறகு பல் முளைக்கத் தொடங்கியது. கண்ணாடி முன் நின்று அதை நாக்கால் உள்ளே தள்ளிப் பார்த்தேன். அடையாளம் மாறிவிட்டால் அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்? தாண்டிப் போய்விட்டால்? யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன்.

அடுத்த முறை போன் வந்தது. அதே கேள்வி. பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "முளைச்சு ரெண்டு மாசம் ஆச்சுன்னு சொல்லேண்டி!"

ரிசீவரைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அவள் உள்ளே போன பிறகுதான் கையை எடுத்தேன்.

"அப்படியேதாம்ப்பா இருக்கு. மாறவே இல்ல."

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

"சரி பாப்பா" என்றார் பிறகு. "அப்படியே இருக்கட்டும்."

கடலிலிருந்து குரல் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அன்று கடல் இன்னும் தள்ளிப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.