நாலு குழாய்க் காற்றுப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் கார் ஓடவில்லை என்றால் ஷெட் என் கையை விட்டுப் போய்விடும். என் அண்ணன் சொன்னால் சொன்னதுதான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் அவருடைய ரிக் வண்டிகள் நிற்கும் யார்டு இருக்கிறது. ஷெட் அதன் பின்மூலையில். ஊர் ஊராகப் போய் போர் போட்டுவிட்டு வண்டிகள் திரும்பும்போது குழாய்களை அடுக்க அவருக்கு அந்த இடம் வேண்டும். கோயம்புத்தூர் வேலையை உதறிவிட்டு, வெல்டிங் மெஷினோடு நான் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

“ஒரு காரையாச்சும் செஞ்சு ஓட்டிக் காட்டு அம்மிணி. இல்லீன்னா ஆபீஸ்ல வந்து உக்காரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பைப்பு லாரி வருது” என்றார்.

என் பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் காருக்கு சூப்பர்சார்ஜர் வைப்பதுதான் வேலை. இன்ஜினின் பெல்ட்டோடு சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற சாதனம் அது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு பிளாஸ்டிக், காரோடு வந்தது. இந்த அழுத்தத்தை அது தாங்காது. அதனால் அலுமினியத்தில் நானே செய்ய ஆரம்பித்தேன். இன்ஜினோடு சேர்கிற தட்டு, தட்டிலிருந்து நாலு குழாய், குழாய்களுக்கு மேல் ஒரு பெட்டி, பெட்டியின் தலையில் சூப்பர்சார்ஜர்.

சொல்வதற்குச் சுலபம். அலுமினியம் சூடு பட்டால் தன் இஷ்டத்துக்கு வளையும். முதலில் செய்த தட்டு ஓரம் தூக்கிய தோசை மாதிரி நின்றது. சுத்தியலைத் தூக்கி எறிந்தேன், அது அண்ணனுடைய டீசல் டிரம்மில் பட்டு யார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த தட்டைக் கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தேன். இந்த முறை வளையவில்லை.

வெள்ளிக்கிழமை, பெட்டியின் பக்கவாட்டு மூடி ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, அலுமினியம் பற்றவைக்கத் தேவையான ஆர்கான் கேஸ் தீர்ந்தது. கேஸ் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு ஓடினேன். திரும்பி வந்து சனிக்கிழமை அவசரத்தில் உள்ளே பார்க்காமலே மூடியை வைத்துப் பற்றவைத்தபோது துணி கருகும் வாடை வந்தது. கையுறைதான் கருகுகிறது என்று நினைத்தேன். உள்ளே கழுவி ஊற்றினேன், வாய்களை அடைத்துக் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

ஞாயிறு மத்தியானத்துக்குமேல் எல்லாம் மாட்டி முடித்தேன். ரிக் ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அண்ணனும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திறந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் அம்மிணி, இந்த ஸ்டேண்டு வெயிட்டைத் தாங்குமா?” என்று கேட்டார்.

“ஸ்டேண்டு இல்லீங்ணா. இன்ஜினுக்குப் போற காத்து பூராவும் இந்தப் பொட்டிக்குள்ள எறங்கித்தான் போவோணும்” என்றேன்.

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தேன். அண்ணன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிறகு விறுவிறுவென்று வந்து இன்ஜின் பெல்ட்டின் மேலேயே கையை வைத்துவிட்டார்.

“கையை எடுங்ணா! விரல் போயிரும்!”

“நீ சாவியில இருந்து கையெடு முதல்ல. பொட்டிக்குள்ள மஞ்சத்துணி இருக்குது.”

எங்கள் பக்கம் ரிக் கட்டும்போது ஒரு வழக்கம் உண்டு. கம்ப்ரசர் உட்காரும் இரும்புச் சட்டத்தைக் கடைசியாக மூடுவதற்கு முன், நவதானியமும் ஒரு காசும் மஞ்சள் துணியில் முடிந்து உள்ளே வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வாசல் நிலவுக்கால் நிறுத்தும்போது வைப்பதைப் போலத்தான். ஆடிச் சத்தம் போடாமலிருக்கப் பசை வைத்து மூலையில் ஒட்டியும் விடுவார்கள். வெள்ளிக்கிழமை வண்டிகளுக்குப் பூஜை போட்டுவிட்டு, நான் சேலம் போயிருந்த நேரத்தில் அண்ணன் அதே பூஜைத் தட்டோடு என் ஷெட்டுக்கும் வந்திருக்கிறார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து, சூப்பர்சார்ஜர் உட்காரும் சட்டம் என்று நினைத்து, முடிச்சை மூலையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பசை பிடி விட்டால் காற்று அந்தக் காசை நேராக சிலிண்டருக்குள் தள்ளும். வால்வு, பிஸ்டன் எதுவும் மிஞ்சாது. இன்னொரு இன்ஜின் எனக்குக் கிடையாது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அத்தனை பேருக்கு முன்னால் கேட்டேன், “ஷெட்டு வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்லீங்ணா? இப்படி வேணும்னே பண்ணோணுமா?”

அண்ணன் என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தார்.

“உன்ற வண்டி ஓடோணும்னுதான் வெச்சேன்” என்றார்.

சூப்பர்சார்ஜரைக் கழற்றினேன், மேனிஃபோல்டைக் கழற்றினேன். மேல்வாய் வழியாகக் கம்பியை விட்டுக் கிளறினேன். முடிச்சு பாறை மாதிரி ஒட்டியிருந்தது. மூடியை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டினால் தூள் விழும், தூள் ஒரு பொட்டு குழாயில் தங்கினாலும் காசு செய்கிற வேலையைத்தான் செய்யும். நாலு குழாயிலும் துணியைத் திணித்துக்கொண்டு வெட்டினேன். பாதி வெட்டும்போது வாசலில் லாரி ஹார்ன் அடித்தது.

அண்ணன் வெளியே போனார். “இன்னைக்கு எறக்க வேண்டாம், திருப்பு” என்று டிரைவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“நிக்கட்டுமுங்ணா! ஓடலீன்னா எறக்கிக்கலாம்” என்று கத்தினேன். பாவம் பார்த்துக் கொடுக்கிற ஷெட் எனக்கு வேண்டாம்.

முடிச்சு கருகிப்போய் வந்தது. கழுவினேன், துடைத்தேன், திணித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன், மறுபடி கழுவினேன். இம்முறை நிதானமாக ஆறவிட நேரமில்லை. தட்டு வளைந்தால் எல்லாம் வீண் என்று தெரிந்தே மூடியைப் பற்றவைத்தேன். ஆறியதும் தட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன், இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி இல்லை. மாட்டினேன்.

வெயில் இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி திருப்பினேன். பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சூப்பர்சார்ஜர் விசில் மாதிரி கூவியது. யார்டைச் சுற்றி, சாலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். லாரி டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆட்கள் கை தட்டினார்கள். அண்ணனை அங்கே காணவில்லை.

ஷெட் இன்றைக்கும் என்னுடையதுதான். ரிக்காரர்களே தங்கள் கார்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அண்ணன் வண்டிகளுக்குப் பூஜை முடித்துவிட்டு என் வாசல் வரைக்கும் வருவார். நான் கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருவார். பூஜைத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் என் ஷெட்டுக்குள் நடப்பார்.